சந்தனப் பொட்டு வைத்த பலகை

இந்துஜாவைப் பற்றிய ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பயிற்சி வகுப்பில் அவள் நித்திரை கொண்டாள். கொஞ்சம் கண்ணயர்ந்தாள் என்றெல்லாம் மழுப்பத் தேவையில்லை. காலைத் தேநீருக்கு முன் தொடங்கி மத்தியானச் சாப்பாடு வரைக்கும், பிறகு சாப்பிட்டுவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வரைக்கும், அடித்துப் போட்டது போல நித்திரை.

அதற்கு அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. அது கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்றுக் காலம். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவான் வரைக்கும் படகு ஏறி விழுந்த விதத்தைப் பார்த்து, வாந்தி வராமல் போடும் சத்திக் குளிசை ஒன்று போதாது என்று இரண்டாவதையும் விழுங்கிவிட்டாள். சத்தி வரவில்லை, நித்திரை வந்தது. பஸ்ஸில் கூடவே வந்தது. யாழ்ப்பாணத்தில் குளிரூட்டிய மண்டபத்தில் மெத்தை வைத்த கதிரை ஒன்றைக் கண்டதும் அங்கேயே குடியேறிவிட்டது. மேடையில் ஜோர்ஜ் சேர் என்ற பயிற்சி அதிகாரி ஸ்மார்ட் போர்ட் பற்றி நாள் முழுக்க விளக்கினார் என்பதே சான்றிதழை வாசித்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். இனி அவள் தன் பாடசாலையில் மற்ற ஆசிரியர்களுக்குப் பழக்க வேண்டிய 'வழிகாட்டி ஆசிரியர்' என்று அதில் தங்க நிற எழுத்தில் போட்டிருந்தது.

சான்றிதழை அதிபர் பரராசசிங்கம் வாங்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். அவள் தடுக்கத்தான் பார்த்தாள். அவர் ஆணியும் அடித்துவிட்டார்.

இந்துஜா விஞ்ஞானம் படிப்பிப்பவள். சொந்த ஊர் ஊர்காவற்றுறை. கிழமை நாட்களில் நெடுந்தீவில் ஆசிரியர் விடுதியில் தங்குவாள். அவளுக்குப் படிப்பிக்க வரும், படம் கீறத்தான் வராது. வெங்காயத் தோலின் கலங்களைக் கரும்பலகையில் கீறிய அன்று, "மிஸ், இது எங்கட வளவு வேலி எல்லே" என்று ஒரு பிள்ளை கேட்டது. பார்த்தால் நிசமாகவே அது கல்லை அடுக்கிக் கட்டிய நெடுந்தீவு வேலிதான். இதயம் கீறினால் பிள்ளைகள் மாம்பழம் என்றார்கள். ஒரே ஒரு நாளாவது இந்தப் பிள்ளைகளுக்கு ஓர் இதயம் துடிப்பதைக் கண்ணுக்கு முன்னால் காட்டிவிட வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை. அதனால் ஸ்மார்ட் போர்ட் வரப்போகிறது என்ற செய்தியில் மிக அதிகமாகச் சந்தோசப்பட்டவளும் அவள்தான், மிக அதிகமாகப் பயந்தவளும் அவள்தான்.

பலகை ஒரு நாள் மெத்தைகளுக்கு நடுவில் படுத்தபடி படகில் வந்து சேர்ந்தது. இறங்குதுறையிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, பாதையில் கிடங்கும் குழியும் வந்த இடத்தில் எல்லாம் ஆட்கள் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கலியாண மாப்பிள்ளையைக் கூட்டிவருவது போலக் கூட்டிவந்தார்கள். சுவரில் பூட்டியதும் அதிபர் ஐயரை அழைத்தார். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, புது வாகனத்துக்கு வைப்பது போலவே பலகையின் நாலு மூலையிலும் கண்ணாடியின் மேல் சந்தனம் அப்பி, ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் குங்குமம் வைத்தாயிற்று. எல்லோரும் நின்று படம் எடுத்தார்கள். அதன் பிறகு அதிபர் அதன் மேல் பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றைப் போர்த்தி, அறையைப் பூட்டி, திறப்பைத் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழுதாய்ப் போனால் யார் பதில் சொல்வது என்பது அவருடைய கவலை. இப்படி ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை அதிபருக்குத் தொலைபேசி வந்தது. பேசி முடித்தவர் நெற்றியை லேஞ்சியால் துடைத்துக்கொண்டு ஆசிரியர்களைக் கூப்பிட்டார்.

"வாற வெள்ளிக்கிழமை ஜோர்ஜ் சேர் வாறாராம். போர்ட்டிலை பாடம் நடக்கிறதைப் பாக்க வேணுமாம். நடக்கேல்லையெண்டால் அதைக் கழட்டி அங்காலை வேறை பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கப் போயினமாம்."

ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சொல்லி வைத்தது போல எல்லோரும் இந்துஜாவைப் பார்த்தார்கள்.

"நாங்கள் ஏன் யோசிக்க வேணும்? எங்களிட்டைத்தான் இந்துஜா இருக்கிறாவே" என்றார் அதிபர்.

இந்துஜா சிரித்தாள்.

அன்று பாடசாலை விட்ட பிறகு ஆசிரியர்கள் எல்லோரும் அந்த அறைக்குள் வந்து பிள்ளைகளின் வாங்குகளில் இருந்தார்கள். முன் வாங்கில் கணித ஆசிரியை கமலாதேவி. இந்த மனுசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக அந்தத் தீவில் கணக்குப் படிப்பிக்கிறார். அவர் கையால் கீறும் வட்டத்தைக் கவராயம் வைத்துப் பார்த்தாலும் பிழை பிடிக்க முடியாது. அவர் பிழை விட்டதை ஒருவரும் பார்த்ததில்லை. அவரிடம் படித்துவிட்டுச் சுவிசில் கடை வைத்திருப்பவர்கள் கூட விடுமுறைக்கு வந்தால் அவர் வீட்டுப் பக்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போவார்கள். அப்படிப்பட்டவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இந்துஜாவைப் பார்த்தார்.

இந்துஜா பொத்தான் மாதிரித் தெரிந்த ஒன்றை அமத்தினாள். பலகை வெளிச்சம் போட்டது. ஆசிரியர்கள் எல்லோரும் "ஆ" என்றார்கள். அவளுக்கே கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. அதற்குரிய பேனையை எடுத்து 'வணக்கம்' என்று எழுதப் போனாள்.

வ எழுதி முடியவில்லை. பலகைக்குப் பேய் பிடித்துவிட்டது. மேலே இருந்து ஒரு கோடு பாய்ந்து வந்து எழுத்தில் முட்டியது. கீழே இருந்து இன்னொன்று வந்தது. பேனையை எடுத்தால் நின்றது, வைத்தால் திரும்பவும் வந்தது. கொஞ்ச நேரத்தில் திரை முழுவதும் சிலந்தி வலை.

"இது... தொடக்கத்திலை இப்பிடித்தான் செய்யும்" என்றாள் இந்துஜா.

"உள்ளுக்கை வைரஸ் பூந்திட்டுது போலை" என்றான் ஆங்கிலம் படிப்பிக்கும் நிலக்ஷன். ஐயரை இன்னொருக்கால் கூப்பிடுவோமா என்று அதிபர் கேட்டார். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின் சுவருக்கு அப்பால் அதிபரின் அறையில் அவளுடைய சான்றிதழ் தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற நினைவு வந்தது. அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்றாள். "அண்டைக்கு ரெண்டு குளிசை போட்டனான். பயிற்சி முழுக்க நித்திரை கொண்டிட்டன்."

அதிபரின் வாய் திறந்தது, மூடவில்லை. கமலாதேவி மெல்லப் பேனையை மூடி மேசையில் வைத்தார். இந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்துஜா" என்றார் கமலாதேவி. "போன வருசம் இதே பயிற்சிக்கு நானும் போனனான். சான்றிதழை ஆருக்கும் காட்டேல்லை. காலமையிலையிருந்து பின்னேரம் மட்டும் வடிவாய் முழிச்சுக்கொண்டுதான் இருந்தனான். எனக்கும் ஒண்டும் தெரியாது. நீராவது நித்திரை கொண்டனீர்."

முதலில் நிலக்ஷனுக்குத்தான் சிரிப்பு வெடித்தது. அடுத்தது யார் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அங்கே மேடையில் படம் படமாய்க் காட்டினார்களாம், பலகையை ஒருவரையும் தொட விடவில்லையாம். கேள்வி இருக்கிறதா என்று கடைசியில் கேட்டார்களாம், பஸ்ஸுக்கு நேரம் என்று எல்லோரும் எழும்பி ஓடினார்களாம். "எனக்கு மவுஸ் பிடிக்கவே கை நடுங்கும்" என்று அதிபர் தானாகவே ஒத்துக்கொண்டபோது, இந்துஜாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி இருந்த பாரம் இறங்கி ஓடிவிட்டது. தெரிந்தவள் என்ற பட்டம் போனதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அப்போதுதான் கமலாதேவி எழும்பிப் பலகைக்குக் கிட்டப் போனார். அந்தச் சிலந்தி வலையைக் கொஞ்ச நேரம் கேத்திரகணிதக் கண்ணோடு பார்த்தார். கண்ணாடியில் படாமல் விரலைப் பிடித்துக்கொண்டு கோடு ஒன்று போன வழியே போனார். பிறகு இன்னொன்று.

"எல்லாக் கோடும் நாலு இடத்திலையிருந்துதான் வெளிக்கிடுது" என்றார். "நாலும் சந்தனம் வைச்ச இடம்."

அதுதான் விஷயம். கண்ணாடியில் எது பட்டாலும் விரல் என்று நினைப்பது அந்தப் பலகையின் சுபாவம். நாலு மூலையிலும் நாலு விரல் ஒரு மாதமாக அமத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அது பாவம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

காரணம் கிடைத்துவிட்டது, ஆனால் பொட்டை அழிப்பது யார்? பூசை செய்து வைத்த சந்தனத்தில் கை வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. நிலக்ஷன் தன் அம்மா கேள்விப்பட்டால் சோறு போடமாட்டா என்றான். அதிபர் ஐயரிடம் கேட்டுவிட்டு என்று இழுத்தார். விரத நாள் ஒன்றையும் தவறவிடாத கமலாதேவியைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் அழிக்க வேணும்?" என்றார் அவர். "எடுத்துப் பின்பக்கத்திலை வைப்பம். பிள்ளையாருக்கு முன் பக்கம் மட்டும்தான் தெரியுமெண்டு ஆர் சொன்னது?"

ஈரத் துணியால் சந்தனத்தைப் பக்குவமாய் ஒற்றி எடுத்து, பலகைக்குப் பின்னால் சட்டத்தில் நாலு பொட்டாக வைத்தார். முன்னுக்கு வந்து இரண்டு கையாலும் கும்பிட்டார். இந்துஜா பேனையை வைத்தாள். 'வணக்கம்' முத்து முத்தாய் வந்தது. ஆசிரியர்கள் கை தட்டிய தட்டில் வெளியே வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த மாடு வெருண்டு ஓடியது.

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார்கள். கதவைச் சாத்திவிட்டுத்தான் பழகுவது. ஒவ்வொருவரும் கட்டாயம் தொட வேண்டும். பிழை விட்டால் ஒளிக்கக் கூடாது, "பிழைச்சுப் போச்சு" என்று உரத்துச் சொல்ல வேண்டும். சொன்னால் மற்றவர்கள் கை தட்ட வேண்டும். ஆசிரியர்களுக்கு உள்ளூரப் பயம் எல்லாம் ஒன்றுதான். பிள்ளைகளுக்கு முன்னால் தெரியாமல் நிற்கிற பயம். கதவு சாத்தியிருந்தால் அந்தப் பயம் வெளியே நின்றுவிடும் என்று இந்துஜா சொன்னாள். குளிசை இல்லாமல் அவள் கண்டுபிடித்த முதல் பயிற்சி முறை அது.

அந்தக் கிழமை நெடுந்தீவில் ஒரே கதை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஆசிரியர்மார் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்களாம், உள்ளே கையும் தட்டுகிறார்களாம், கமலாதேவி ரீச்சர் சிரிக்கிற சத்தம் கேட்குதாம். முன்னைய இரண்டையும் ஊர் நம்பியது. மூன்றாவதை நம்பவில்லை. உள்ளே அதிபர் ஒரு படத்தைப் பெருப்பிக்கப் போய்த் தலைகீழாக்கினார், கைதட்டு வாங்கினார். நிலக்ஷன் வேகத்தைக் காட்டப் போய் எல்லாவற்றையும் அழித்தான், அதிகமாய்க் கைதட்டு வாங்கினான். புதன்கிழமை இந்துஜா பலகையின் உள்ளே கிடந்த படங்களைத் துழாவிக்கொண்டு போனபோது, திடீரென்று திரை முழுக்க ஓர் இதயம் எழும்பித் துடிக்கத் தொடங்கியது. கதவுகள் திறந்து மூடின, இரத்தம் பாய்ந்தது, லப் டப் என்று சத்தம் அறையை நிறைத்தது. இந்துஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. கமலாதேவி தன் சேலைத் தலைப்பை அவள் பக்கம் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை ஜோர்ஜ் சேர் வந்தார். மடிப்புக் குலையாத நீளக்கை சேட்டு, சட்டைப் பையில் மூன்று பேனை, பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் இறக்கி வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கும் மனிதர். இந்துஜாவைக் கண்டதும் நின்றார். அவளுக்கு உயிர் போய் வந்தது.

"உம்மை எனக்கு நல்ல ஞாபகம்" என்றார். "மூண்டாவது வரிசை. அவ்வளவு பேருக்கையும் நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது நீர் ஒராள்தான்."

நிலக்ஷன் இருமிக்கொண்டு வெளியே போனான். அதிபர் கூரையைப் பார்த்தார். இந்துஜா என்ன செய்வது என்று தெரியாமல் இன்னொரு முறை தலையாட்டினாள்.

பாடம் எடுத்தது கமலாதேவி. ஒன்பதாம் வகுப்பு, முக்கோணத்தின் கோணங்கள். ஆசிரியர்கள் பின் சுவரோடு நின்றார்கள், ஜோர்ஜ் சேர் பிள்ளைகளோடு முன் வாங்கில் இருந்தார். கமலாதேவி முக்கோணத்தின் உச்சியைப் பிடித்து இழுத்தார். கோணங்கள் மாறின, கூட்டினால் நூற்றெண்பது. இன்னொரு பக்கம் இழுத்தார், திரும்பவும் நூற்றெண்பது. பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. இந்துஜாவுக்கு மூச்சு ஒழுங்காய் வரத் தொடங்கிய அந்த நேரம் பார்த்து, ரீச்சரின் மணிக்கட்டு எதிலோ பட்டது. முக்கோணம் மறைந்தது. அதன் இடத்தில் திரை முழுக்க இதயம் எழும்பி லப் டப் என்று துடித்தது.

வகுப்பு செத்த வீடு போலானது. கமலாதேவி ரீச்சருக்குப் பிழைப்பதா? பிள்ளைகளுக்கு மூச்சு விடவே பயம். ஜோர்ஜ் சேர் பேனையை எடுத்தார். போய்விட்டது, பலகை போய்விட்டது என்று இந்துஜா நினைத்தாள்.

கமலாதேவி வகுப்பின் பக்கம் திரும்பினார்.

"பிழைச்சுப் போச்சு பிள்ளையள்" என்றார் உரத்து.

பின் சுவரோடு நின்றவர்களுக்குக் கிழமை முழுக்கப் பழகிய பழக்கம். கைகள் தாமாகவே தட்டிவிட்டன. பிள்ளைகள் திகைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை தட்டியது, இன்னொன்று தட்டியது, பிறகு வகுப்பு முழுவதும் கூரை பறக்கத் தட்டியது. ரீச்சர் கையை உயர்த்தினார். சத்தம் நின்றது.

"இதயம் வந்தாலென்ன, கணக்குக் கணக்குத்தான்" என்றார். "எல்லாரும் உங்கட கைநாடியைப் பிடியுங்கோ. கால் நிமிசம் எண்ணி நாலாலை பெருக்குங்கோ. சேர், நீங்களும்."

ஜோர்ஜ் சேர் பேனையைப் பைக்குள் வைத்துவிட்டுக் கைநாடியைப் பிடித்தார். அறை முழுவதும் உதடுகள் அசைந்தன, திரையில் இதயம் தாளம் போட்டது. தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு என்று விடைகள் வந்தன.

"சேருக்கு எவ்வளவு?"

"நூற்றிருபத்தெட்டு" என்றார் ஜோர்ஜ் சேர் மெல்ல.

"கூடத்தான். வந்து போர்ட்டிலை எழுதுங்கோ, பாப்பம்." கமலாதேவி பலகையின் பேனையை நீட்டினார்.

ஜோர்ஜ் சேர் எழும்பினார். பேனையை வாங்கினார். பலகைக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அவருடைய காது மடல் சிவந்து வருவதை இந்துஜா கண்டாள். பக்கத்தில் போனாள்.

"பிள்ளை" என்றார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "இதை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறது? நான் கன பேருக்கு வகுப்பு எடுத்தனான். இதைத் தொட எனக்கு ஒருதரும் காட்டித் தரேல்லை."

இந்துஜாவுக்குள் இருந்த பயம் எல்லாம் அந்த இடத்திலேயே கரைந்து, அந்த மனிதர் மேல் பெரிய இரக்கம் வந்தது. அவ்வளவு காலமும் தனியாக இதைச் சுமந்திருக்கிறார்.

"சேர், அண்டைக்கு நான் தலையாட்டேல்லை. நித்திரை கொண்டனான்."

"அப்ப அந்த ஆட்டம்?"

"கடலாட்டம் சேர். இறங்கியும் நிக்கேல்லை."

ஜோர்ஜ் சேர் அவளைப் பார்த்தார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று பயந்துவிட்டாள். மனிதர் சிரித்தார். மூன்று பேனையும் பையிலிருந்து விழுந்து உருளும் அளவுக்குச் சிரித்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாய் இறக்கி வைத்தார்.

"எனக்கு இது தெரியாது பிள்ளையள். இப்பத்தான் பழகப் போறன்."

எழுதப் போனார், இதயத்தைத் தலைகீழாக்கினார், பிழைச்சுப் போச்சு என்றார், கைதட்டல் கேட்டுக் கை தூக்கிக் கும்பிட்டார். பிறகு இழுத்தார், பெருப்பித்தார், அழித்தார், திரும்ப வரவழைத்தார். பிள்ளைகள் வாங்குகளை விட்டு எழும்பி அவரைச் சுற்றி வந்துவிட்டார்கள். அப்பிடி இல்லை சேர், இப்பிடி சேர் என்று ஆளுக்கொரு பக்கத்தில் சத்தம். கமலாதேவி அடக்கவில்லை. முன் வாங்கில் இருந்து ஒரு மாணவி போலக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூரத்தில் இறங்குதுறைப் பக்கமிருந்து படகின் சத்தம் கேட்டது. கடைசிப் படகு. வெளியே போய்ப் பார்த்த அதிபர் மூச்சு வாங்க ஓடிவந்து வாசலில் நின்றார்.

"சேர், படகு வெளிக்கிடப் போகுது. போர்ட்டைப் பற்றி என்ன முடிவு எண்டு சொல்லிப்போட்டு..."

ஜோர்ஜ் சேர் திரும்பவில்லை. முக்கோணத்தைக் கண்டுபிடித்திருந்தார், அதன் உச்சியைப் பிடித்து மேலே மேலே இழுத்துக்கொண்டிருந்தார்.

"போர்ட் எங்கையும் போகாது" என்றார். "நானும் இண்டைக்குப் போகேல்லை."